ஒரே தலைக்கு இரண்டு மொட்டை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் நாத்தனாரின் மகள். ஐவரில் ஒருவரும் பசி என்று அடுத்த வீட்டு வாசலில் நின்றதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பஸ் பலகை படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல அந்த ஐந்தாமவளின் மகள் எழுதுகிறாள். என் சாமி அலமாரியில் ஒரு சந்தனக் கல் இருக்கிறது. நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். அந்தத் தேய்மானத்தில் பாதி, நான் சொன்ன ஒரு பொய்க்காக இழைத்தது.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் விட்டுப் போனதும் இரண்டு வயதுக் குழந்தையோடு ஓசூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினெட்டு வருடம் ஒரே அடுப்படி. சண்டை போட்டிருக்கிறோம், பேசாமல் இருந்ததில்லை. அவள் சிரிக்க வைத்துவிடுவாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மார்பில் கட்டி வந்தது. பெங்களூரில் அறுத்து எடுத்தார்கள். பிறகு இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவையாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். காலை பஸ்ஸில் நானும் அவளும் போவோம். அங்கே கன்னடத்து நர்சம்மா ஒருத்தி, பார்க்கும்போதெல்லாம் “ஊட்டா ஆய்த்தா?” என்று, சாப்பிட்டாயா என்று, அன்பாகக் கேட்பாள். “ஆச்சும்மா. உள்ள போனதும் ஆச்சு, வெளிய வந்ததும் ஆச்சு” என்பாள் இவள். வாயெல்லாம் புண். களியைக் கரைத்துக் கொடுத்தாலும் இரும்பாகக் கசக்கிறது என்பாள். என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். வேலை முடிந்து அவர் வீட்டுக்குள் நுழையும்போதே, “அண்ணா, உங்க கம்பெனி இரும்புத்தூள் மொத்தமும் என் நாக்குலதான் கெடக்கு, வந்து கூட்டி அள்ளிட்டுப் போ” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விடுவார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பார்.

இரண்டாம் மருந்துக்குள் முடி முழுக்கப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் மகளுக்கு ராயக்கோட்டையிலிருந்து ஒரு இடம் வந்தது. என் மகன் அவளைவிட ஆறு வயது இளையவன், அதனால் வெளியில்தான் பார்க்க வேண்டியிருந்தது. தாய்க்கு இந்த வியாதி என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று ஒதுக்கிவிடுவார்கள் என நான் பயந்தேன். நாத்தனார் மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னது நான்தான். சொன்னால் போதுமா? தினமும் சந்தனம் இழைத்து அவள் தலையில் பூசினேன். “நல்லாத்தான் இருக்கு அண்ணி, குளுகுளுன்னு. சாமிக்குத் தெரியாம சாமி பேருல எனக்கொரு உபசாரம்” என்றாள். புருவமும் உதிர்ந்திருந்தது. அதை மையால் வரைந்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

தாம்பூலம் மாற்ற அவர்கள் குறித்த நாளும் நாலாவது மருந்துக்கான நாளும் ஒன்றாக வந்தன. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். நாள் மாற்றக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். டாக்டரைக்கூடக் கேட்கவில்லை. அவள் ஒரே ஒரு தடவைதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணி, ஒரு வாரம் பரவால்லியா?”

“ஒரு வாரத்துல என்ன ஆயிடப் போவுது?”

“சரி, மருந்துக்கும் ஒரு வாரம் லீவு குடு. என்னைத் துரத்தித் துரத்தி அதுவும் எளைச்சுப் போச்சு.”

தாம்பூலத்தன்று புதுச் சந்தனம் பூசி உட்கார வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எங்கே ஓட்டை என்று அப்போதுதான் தெரிந்தது. பெண் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மொட்டை போட்ட தலையென்றால் இந்நேரம் விரல்கடை முடியாவது வளர்ந்திருக்க வேண்டுமே. மாப்பிள்ளையின் அத்தை கேட்டேவிட்டாள்: “என்னங்க, மறுபடியும் மொட்டையா?”

நாத்தனார் அசரவில்லை. “மொதோ மொட்டை எனக்காக. ரெண்டாவது, மாப்பிள்ளை எம்பொண்ணு பேச்சைக் கேக்கணும்னு போட்டேன்.” கூடமே சிரித்தது. சிரிப்பு ஓயுமுன் உள்ளே சாம்பாருக்குத் தாளித்த வாசம் வந்தது. அவளுக்கு அது ஆகாது. எழுந்து கொல்லைக்கு ஓடினாள். நான் பின்னால் போவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா போய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார். உள்ளங்கையெல்லாம் சந்தனமும் மையும்.

“மொதோ நாளே தெரியும் சம்பந்தி,” என்றார். “சாமி முடி கேக்கும். புருவமுமா கேக்கும்?”

“எங்க சாமி கொஞ்சம் பேராசை புடிச்சது” என்றாள் இவள், வாயைத் துடைத்துக்கொண்டே.

அவர் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். “எங்க அக்காவும் இதுலதான் போனா. பொண்ணு நல்ல பொண்ணு, அதான் வந்தோம். அடுத்த மருந்து எப்போ?”

“இன்னிக்குத்தான்” என்றாள் நாத்தனார்.

அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆவணியில் கல்யாணம். சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். ஆறு மருந்தும் முடிந்தபின் தலையில் கேழ்வரகு நாற்று மாதிரி பூனைமுடி கிளம்பியது. என் கையை இழுத்து அதன்மேல் வைத்து, “தொட்டுப் பாரு அண்ணி, மூணாவது மொட்டைக்குப் பயிர் ரெடி” என்றாள். அப்போதே வியாதி எலும்புக்குப் போயிருந்தது. தை பிறக்குமுன் போய்விட்டாள். குளிப்பாட்டியபின் கடைசியாக ஒரு தடவை இழைத்துப் பூசினேன். சந்தனம் அந்தச் சின்ன முடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த ஒரு வாரத்தால்தான் ஆச்சா என்று டாக்டரை நான் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எங்கே போவேன்? இத்தனை வருடமாக அவள் மகளிடமும் சொன்னதில்லை. தன் அம்மாவை நான் கண்ணில் வைத்துப் பார்த்தேன் என்று ஊரெல்லாம் பேசுகிறாள். நானும் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். கல்லை அவளுக்குத்தான் கொடுக்கப்போகிறேன், இந்த நோட்டோடு சேர்த்து. எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். அழாதே கண்ணு. அந்த ஒரு வாரத்தை விடாமல் எழுதியிருக்கிறாயா? முதலிலிருந்து படி. உன் அம்மா கேட்குமுன் நான் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.