பெயர்ப்பலகை இல்லாத வாசல்

கோர்ட்டுக்கு எதிர்த்தெரு முழுக்க வக்கீல்களின் பெயர்ப்பலகைகள். சிலதில் பட்டங்கள் பெயரைவிட நீளம். மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் மட்டும் ஒன்றுமில்லை. மேல்முறையீடு என்றால் ஊரே தேடி வரும் வக்கீலம்மாவின் அறை அது. "ஒரு பலகை மாட்டுங்க மேடம். கட்சிக்காரங்க கக்கூஸ் கதவைத் தட்டிட்டு வர்றாங்க" என்று ஜூனியர் பெண் புலம்புவாள். "சொல்லி வச்சிருக்கேன், வரும்" என்பாள் அவள். சொல்லி வைத்துப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தச்சு வேலை பார்க்கும் அண்ணன் தானாகவே தருவதாகச் சொன்ன பலகை அது. சட்டப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, கோர்ட் வராந்தாவில் அடுத்தவர் மனுக்களை டைப் அடித்துக்கொண்டிருந்தவளை, "இன்னொரு தடவை எழுது. நீ பாஸ் பண்ணா தேக்குல பலகை செஞ்சு தர்றேன்" என்று விரட்டியவன் அந்தத் தச்சன்தான். எழுதினாள், தேறினாள். அண்ணனின் வாடகைப் பட்டறையைக் காலிசெய்யச் சொல்லித் தீர்ப்பு வந்தபோது, அதன்மேல் போட்ட மேல்முறையீடுதான் அவளுடைய முதல் வழக்கு.

அங்கேதான் மண்ணைக் கவ்வினாள். தீர்ப்பு நகல் தயாரான நாளிலிருந்து முப்பது நாள் கணக்கு. அவளோ தான் போய் வாங்கிய நாளிலிருந்து எண்ணிவிட்டாள். அதற்கு முன் நாலு நாள் அது, கோர்ட்டில் நகல் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் சும்மா கிடந்திருக்கிறது. நாலு நாள் தாமதம் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பட்டறை போயிற்று. "இனி என் முகத்துல முழிக்காதே" என்று சொல்லிவிட்டு, உளி, இழைப்புளியோடு அண்ணன் வேறு ஊருக்குப் பஸ் ஏறினான்.

அதன்பிறகு தேதி என்றால் அவள் பேயாய் அலைந்தாள். தினமும் காலையில் நகல் ஜன்னலில் முதல் தலை அவளுடையது. "கடிகாரம் வந்தாச்சு" என்று பியூன்கள் கிண்டலடிப்பார்கள். எந்த மேல்முறையீட்டையும் பத்தாம் நாளே தாக்கல் செய்தாள். அந்தப் பேர் பரவித்தான் கூட்டம் சேர்ந்தது. ஜெயிக்கிற ஒவ்வொரு மாலையும் அண்ணனிடம் சொல்ல மனசு அடித்துக்கொள்ளும். போனை எடுப்பாள். அவன் கடைசியாகச் சொன்னது காதில் விழும், வைத்துவிடுவாள். அவனாகக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். வேறு யார் செய்த பலகையையும் மாட்ட மனசு வரவில்லை.

போன வாரம் அண்ணன் இருக்கும் ஊரிலிருந்து ஒருவர் வழக்குக் கட்டோடு வந்தார்.

"எங்க ஊர் தச்சர் அனுப்பினாரும்மா. 'என் தங்கச்சிகிட்ட போங்க, நாளைத் தவற விடமாட்டா'ன்னார்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "வேற என்ன சொன்னார்?"

"வேற ஒண்ணுமில்ல. அவர் பட்டறையில ஒரு தேக்குப் பலகை மாட்டியிருக்கு, உங்க பேரு போட்டு, வக்கீல்னு செதுக்கி. கேட்டா, 'இந்த ஊருக்கு வந்ததும் செஞ்ச முதல் வேலை. வாங்கிக்க வேண்டியவ இன்னும் வரல'ன்னார்."

அவள் கட்டைப் பிரித்துத் தேதிகளைப் பார்த்தாள். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கட்டை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"உங்க ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"