லோரீன் வாவ்ராவின் பின்னக் கணக்கு

காலை ஏழு இருபதுக்குச் செய்தி வந்தது. டேல் ஹ்ருஸ்கா காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கையுறையைப் பல்லால் கவ்விக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தான். லோரீனின் அக்கா பெர்னடீன்.

"டேல், லோரீன் போயிட்டாப்பா. ராத்திரியே போயிருக்கா, தூக்கத்துல. காலையில காபிக்கு வரலையேன்னு நான்தான் போய்ப் பாத்தேன்."

அவன் என்ன பதில் சொன்னான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. பெர்னடீன் கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் நின்றது. "இன்னிக்கு உங்களுக்கு மீட்டிங் இருக்குல்ல? நேத்து ராத்திரி சாப்பிடறப்பகூட அதயே சொல்லிட்டிருந்தா. அந்தப் பொண்ணு விஷயத்த விட்டுடாத."

லோரீன் வாவ்ரா முப்பத்து நான்கு வருடம் அந்தக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கல்லூரி தன்னைப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியது அவளுடைய பதினேழாவது வருடத்தில். பெயர்ப்பலகை மாறியது, நூலகக் கூரை ஒழுகுவது மாறவில்லை. நெப்ராஸ்காவின் நடுவில், ஒரு பக்கம் ரயில் பாதையும் மறுபக்கம் சோளக்காடும் உள்ள இடத்தில், உலகத் தரம் என்று கொடி கட்டித் தொங்கவிட்டார்கள். காற்று அதை மூன்று வாரத்தில் கிழித்தது. அவள் அதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தாள். "பரவால்ல, காத்துக்காவது படிப்பறிவு இருக்கு" என்றாள்.

அவளுக்குப் பட்டம் கிடையாது. பன்றிப் பண்ணைக்காரரின் மகள். இரண்டு வருடச் செயலர் படிப்பு, தானியக் கிடங்கில் வேலை பார்த்த கணவன், அவன் போன பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் பந்துருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தில் பெண்கள் குழு. அதுதான் அவள் வாழ்க்கை. ஆனால் பட்டம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, யார் ஒரு வருடம் வெளியே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போயின.

விதி எளிமையானது. எளிமையாக இருப்பதுதான் அதன் ஒரே அழகு. ஏ என்றால் நான்கு, பி மூன்று, சி இரண்டு, டி ஒன்று, எஃப் பூஜ்யம். ஒவ்வொன்றையும் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் சராசரி. அது இரண்டுக்குக் கீழே இறங்கினால் முதல் முறை எச்சரிக்கை. அடுத்த செமஸ்டர் முடிவிலும் இரண்டைத் தொடாவிட்டால் ஒரு வருடம் இடைநீக்கம். பிள்ளை ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று விதி கேட்காது. இதைச் சொல்லக் கல்லூரிக் கையேட்டுக்குப் பதினொரு பக்கம் தேவைப்பட்டது. அந்தப் பதினொரு பக்கத்தில் 'மாணவர் வளர்ச்சி' ஒன்பது முறை வருகிறது. எண்ணிப் பார்த்தவள் லோரீன்தான்.

இடைநீக்க மின்னஞ்சல் ஜனவரியில், வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போகும். ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டப்படும் என்பதால்தான் ஐந்து மணி. திங்கள்வரை யாரும் வந்து அழ முடியாது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த துணை டீன் முனைவர் பிரெஸ்டன் விட்லோ, அதற்கு 'மாணவர் நிதானித்துக்கொள்ளும் இடைவெளி' என்று பெயர் வைத்தார்.

லோரீன் அந்த வெள்ளிக்கிழமைகளில் மதியத்திலிருந்தே போனைப் பிடித்துக்கொள்வாள்.

"சாயங்காலம் உனக்கு ஒரு மெயில் வரும் தம்பி. தனியா இருக்கறப்பத் தொறக்காத. வீட்ல யாராவது பக்கத்துல இருக்கட்டும்."

"நீங்க யாரு மேடம்?"

"அத அனுப்புற மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவ."

யாரும் அவளை இதைச் செய்யச் சொல்லவில்லை. செய்யக்கூடாது என்று விட்லோ இரண்டு முறை எழுதி அனுப்பினார். இரண்டு கடிதத்தின் பின்பக்கத்திலும் அவள் பந்துருட்டுப் புள்ளிகளைக் கூட்டினாள்.

சராசரியை இரண்டு தசமத்தோடு வெட்டுகிற வழக்கமும் அங்கே உண்டு. கிட்டிய எண்ணாக்குவதில்லை, வெட்டுவதுதான். ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு வாங்கினாலும் தாளில் ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது. இது எப்படி வந்தது என்று லோரீனுக்குத் தெரியும். வந்த நாளில் அவள் அங்கே இருந்தாள். முதல் கணினி வந்தபோது, நிரல் எழுதிய பையன் அந்தக் கட்டத்துக்கு மூன்று இலக்கம்தான் ஒதுக்கினான். மீதியை இயந்திரம் கீழே போட்டது. அந்தக் கணினியைக் குப்பையில் போட்டு இருபது வருடமாயிற்று. கட்டத்தின் அகலம் மட்டும் கொள்கையாகிவிட்டது. விட்லோ வந்த பிறகு அதற்கு 'கல்விக் கண்டிப்பு' என்று பெயர்.

"பந்து உருட்டுற எடத்துலயும் பின்னத்த வெட்டுவாங்க டேல்," என்பாள் லோரீன். "ஆனா அங்க சராசரி கொறஞ்சவளுக்கு ஈடா கூடுதல் புள்ளி குடுப்பாங்க, அதனால வெட்டினா ஆடறவளுக்குத்தான் லாபம். பீர் குடிச்சிட்டுப் போட்ட சட்டத்துல இருக்கற நியாயம் இந்தப் படிச்ச கும்பல்கிட்ட இல்ல பாரு."

டேல் சிரிப்பான். பத்தொன்பது வருடம் அடுத்த மேசையில் உட்கார்ந்து அவன் செய்ததெல்லாம் சிரித்ததுதான். எட்டு வருடம் முன்பு ஒரு பையன் இதே மாதிரி மயிரிழையில் போனான். மெயில் போகும் வெள்ளிக்கிழமை மதியமே இப்படிப்பட்டவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் முறையீட்டுக் குழுவில் லோரீன் இயந்திரத்தின் கதையைச் சொல்லிவிட்டு, "டேலையும் கேளுங்க, அவனுக்கும் தெரியும்" என்றாள். டேல் ஸ்டேப்லரைத் திறந்து உள்ளே பின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பையன் போய்விட்டான். திரும்பி வரவில்லை. லோரீன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவள் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த கோலாச்சி என்ற பிளம் பழ பன்னில் ஒன்றை வழக்கம்போல அவன் மேசையில் வைத்தாள். அதைத் தின்றதை நினைத்தால் இன்றும் அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வரும்.

இந்த முறை டீகன் ஓல்ட்மன்ஸ். இரண்டாம் வருடம், நர்சிங் படிப்புக்கு முந்தைய பாடங்கள், மாலை தொடங்கி நள்ளிரவுவரை முட்டை பொதி செய்யும் ஆலையில் வேலை. முதல் வருட முடிவில் சறுக்கி, எச்சரிக்கை வாங்கி, அடுத்த செமஸ்டரில் ஏறிவந்தவள். தாளில் ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது. இடைநீக்கம் ஆனால் அவள் பதிவு செய்த பாடங்கள் ஐந்து மணிக்கே ரத்தாகும்; நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அவள் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். அந்த ஆய்வகம் வருடத்துக்கு ஒரு முறைதான்.

வியாழன் மாலை லோரீன் ஒரு மஞ்சள் தாளை டேலிடம் நீட்டினாள். "படி. மூணாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாத."

சி பிளஸ் என்றால் இரண்டும் மூன்றில் ஒரு பங்கும். கல்லூரி அட்டவணை அதை 2.33 என்று போட்டு மீதியை விழுங்கியிருந்தது. டீகனுக்கு மூன்று சி பிளஸ், ஒரு டி, நான்கும் ஒரே அளவு பாடங்கள். பின்னமாகக் கூட்டினால் மூன்று சி பிளஸும் சேர்ந்து ஏழு; ஏழும் ஒன்றும் எட்டு. நான்கால் வகுத்தால் இரண்டு. மற்ற பாடங்கள் எல்லாம் சேர்ந்தும் சரியாக இரண்டு. பெண் எங்கும் குறையவில்லை. குறைந்தது அட்டவணை.

"நாளைக்கு இத அந்த ஆள் மூக்குக்கு நேரா நீட்டுறேன்," என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள் லோரீன்.

வெள்ளி காலை விட்லோ பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். அவர் அங்கே வந்து பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

"லோரீன் நம்ம குடும்பத்துல ஒருத்தங்க, டேல்."

"ஆமா சார்."

"மலர் அனுப்பச் சொல்லிட்டேன். மீட்டிங்கத் தள்ளிவைக்க முடியாது, புரியும்னு நெனைக்கிறேன். அவங்க எடத்துல நீங்க உக்காந்து நம்பரப் படிச்சாப் போதும். ரெண்டு தசமம். அவங்க மாதிரி நீட்டி முழக்க வேணாம்."

குடும்பத்தில் ஒருத்தியின் கடைசிப் பெயரை அவர் மலர்ச்சீட்டில் தப்பாக எழுதியிருந்தார்.

இரண்டு மணிக்குக் குழு கூடியது. ஐந்து பேர். மேசை நடுவில் யாரோ சினமன் ரோல் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். லோரீனுக்காக அரை நிமிடம் மௌனம்; அதற்குள் கணக்கியல் பேராசிரியர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். டீகன் உள்ளே வந்து நான்கு நிமிடம் பேசிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். ஆலைச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"நம்பர் சொல்லுங்க டேல்," என்றார் விட்லோ.

டேல் மஞ்சள் தாளை விரித்தான். "ரெண்டு," என்றான்.

"தாள்ல அப்படி இல்லையே."

"தாள் தப்பு சார். மூணு சி பிளஸ் சேந்தா ஏழு. நம்ம அட்டவணையில ஆறு புள்ளி ஒன்பது ஒன்பதுதான் வருது. மீதிய நாம சாப்பிட்டுட்டோம். அப்புறம் இன்னொரு தடவ வெட்டியிருக்கோம். அந்தப் பொண்ணு எங்கயும் கொறையல."

"டேல், இது லோரீனோட பழைய பாட்டு."

"பாட்டு அவங்களோடதுதான். கணக்கு யாரோடதும் இல்ல. நான் பத்தொன்பது வருஷமா இங்க இருக்கேன். எனக்கும் தெரியும். வாயத் தொறக்கல, அவ்வளவுதான்."

நுண்ணுயிரியல் பேராசிரியை சிக்ரிட் ஆம்டால் தாளை இழுத்துப் பார்த்தாள். பென்சிலால் ஒரு முறை போட்டுப் பார்த்தாள். "பிரெஸ்டன், என் லேப்ல ஒரு பையன் மூணுல ஒண்ண இப்படி எழுதினா நான் மார்க் கொறைப்பேன்."

"இத ஒத்துக்கிட்டா பழைய கேஸ் எல்லாத்தயும் தோண்டச் சொல்வாங்க."

"அப்ப தோண்டறதுக்கு ஏதோ இருக்குன்னு ஒத்துக்கறீங்க."

விட்லோ வாக்கெடுப்புக்கு விட்டார். டீகன் தொடரலாம் என்று மூன்று பேர். கூடாது என்று இரண்டு பேர். தோற்ற விட்லோவின் முகத்தில் கோபம்கூட இல்லை. உடனே குறிப்பேட்டை இழுத்தார். "காரணம்: குடும்பச் சூழ்நிலைனு போட்டுக்கலாம்."

"அவ குடும்பத்துல ஒரு பிரச்சனையும் இல்ல சார்," என்றான் டேல்.

"எழுதறதுக்கு ஒரு காரணம் வேணும் டேல்."

தப்பை ஒப்புக்கொள்வதைவிட ஒரு பெண்ணின் வீட்டில் துன்பம் இருப்பதாக எழுதிவைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதற்குப் பெயரும் கண்டிப்புதான் போலிருக்கிறது. டேல் அதை எதிர்த்திருக்கலாம். வென்றது போதும் என்று நினைத்தான். லோரீன் நினைத்திருக்க மாட்டாள்.

வெளியே நாற்காலியில் இருந்த டீகன் எழுந்தாள். "உள்ளயா வெளியயா?"

"உள்ள."

"நெசமாவா சார்?" அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அந்தம்மா எங்க? புதன்கிழம போன் பண்ணாங்க. சொத்தையா ஒரு கதையக் கொண்டுவராத, உன் மார்க்கக் கொண்டுவானு சொன்னாங்க."

டேல் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே போனாள்.

மூன்று நாற்பதுக்கு டேல் கணினியில் உட்கார்ந்தான். குழுவின் முடிவைப் பதிவில் மாற்றும் அதிகாரம் லோரீனின் கணினிக் கணக்குக்கு மட்டும்தான் இருந்தது. கணினிப் பிரிவுக்குப் போன் செய்தான்.

"அவங்க கணக்கக் காலையில ஒம்பதரைக்கே மூடிட்டோம் பாஸ். மேலேருந்து சொன்னாங்க."

"வேற யார் மாத்த முடியும்?"

"பதிவு அலுவலர்."

"அது அவங்கதான்."

"அப்ப புதுசா ஒருத்தரப் போடணும். படிவம் இருக்கு, அனுப்பறேன்."

ஒழுகும் நூலகக் கூரையை அடைக்கப் பதினேழு வருடம் வழி தெரியாதவர்கள் ஒரு செத்த பெண்ணின் கணக்கை இரண்டு மணி நேரத்தில் மூடியிருந்தார்கள். ஐந்து மணிக்கு மின்னஞ்சல் போயிற்று. டீகனின் பாடங்கள் ரத்தாயின. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த யாருக்கோ ஆய்வக இடம் போனது.

டேல் முதலில் ஆலைக்குப் போன் செய்து, மெயிலை நம்ப வேண்டாம் என்று டீகனிடம் சொல்லச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கெஞ்சினான். பிறகு சிக்ரிட்டின் வீட்டுக்கு. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"திங்கக்கெழம வரச் சொல்லு. ஸ்டோர் ரூம்ல ஒரு முக்காலி இருக்கு, எடுத்துப் போடறேன். மெஷின் முக்காலிய எண்றதில்ல."

டீகன் இப்போது அந்த முக்காலியில் உட்கார்ந்து படிக்கிறாள். விடைத்தாள்களை சிக்ரிட் திருத்தித் தனியாக ஓர் உறையில் போட்டு வைக்கிறாள். லோரீனை அவள் கணவனுக்குப் பக்கத்தில் புதைத்து ஐந்து வாரமாகிறது. அவளுடைய பதவிக்கு ஆள் போடவில்லை; அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடமும் அவளுடையதுதான். டீகன் ஓல்ட்மன்ஸ் என்ற பெயருக்கு நேரே 'இடைநீக்கம்' என்ற சொல்லை இன்னும் யாரும் மாற்றவில்லை.