தார்ப்பாயில் நான் வெட்டிய குளம்

கல்லூரியில் புவியியல் எடுத்திருக்கிறேன் என்றதும் மயிலாப்பூர் மாமா கேட்டார்: "ஏண்டா, மெட்ராஸ்ல வழி தெரியாம யாராவது நிக்கறாளா?" பொறியியல் கிடைக்காதவன் ஒதுங்குகிற இடம் அது என்பது எங்கள் குடும்பத்தின் தீர்ப்பு. ஆழ்வார்பேட்டையில் வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்ததும் அதே மாமா, "சாட்டிலைட்ல இருக்கான்" என்று கல்யாண வீடுகளில் கதை அளந்தார். ராக்கெட்டையே நான்தான் விட்டேன் என்கிற தோரணை.

உண்மையில் என் வேலை, செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறதைச் சுற்றி மவுஸால் கோடு இழுத்து நிறம் கொடுப்பது. எல்கேஜி பிள்ளைகள் செய்வதுதான். எனக்கு ஏசியும் அடையாள அட்டையும் உண்டு. பச்சை என்றால் மரம், சாம்பல் என்றால் கட்டடம், நீலம் என்றால் நீர்நிலை. ஆறு மாதம் ஒரு தப்பும் பதிவாகாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். தப்பைப் பிடிக்க ஒருவர் இருந்தார். அவரும் அதே அறையில் உட்கார்ந்து அதே படத்தைத்தான் பார்ப்பார். நேரில் போய்ப் பார்ப்பது என்ற கெட்ட பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

அலுவலகத்தைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கும் அக்காவுக்கு வீடு அடையாற்றங்கரையில். ஒருநாள் மத்தியானம் டீயை வைத்துவிட்டு என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், எங்க ஏரியா மாதிரி கீது? தோ பாலம். அப்பால கோயிலு. அத்தாண்டதான் என் வூடு. அங்க இன்னாத்துக்கு தண்ணி வரைஞ்சிகீற?"

"அங்க குளம் இருக்குக்கா."

"குளமா? அது தார்ப்பாய் சார்! மழைக்கு ஒழுகுதுன்னு பன்னெண்டு வூட்டுக்கும் ஒண்ணா நீலக் கலர்ல வாங்கிப் போட்டோம்." சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "அப்ப நான் டெய்லி நீந்திக்கினா வேலைக்கு வரேன்?"

நானும் சிரித்தேன். "மாத்திடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு மேலாளரிடம் ஓடினேன்.

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரிபார்த்து முடிச்ச மேப். நாளைக்கு கவர்ன்மென்டுக்குப் போகுது. திருத்தணும்னா தாராளமாத் திருத்து, உன் பேர்ல ஒரு தப்பு விழும். இன்னும் பதினோரு நாள்தானே உனக்கு? யோசிச்சுக்கோ."

யோசித்தேன். அதிக நேரம் யோசித்ததாகச் சொன்னால் அது இன்னொரு பொய். அரசாங்க ஆள் யாராவது நேரில் போய்ப் பார்க்காமலா இருப்பார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பஸ்ஸில் இருபது நிமிடம்கூட ஆகாத இடத்துக்கு, பட்டம் வாங்கிய நானே போகவில்லை.

வேலை நிரந்தரமானது. மாமா கபாலீஸ்வரருக்கு அர்ச்சனை செய்தார்.

சில மாதம் கழித்து அக்கா ஒரு காகிதத்தோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"பன்னெண்டு வூட்டுக்கும் குடுத்துக்கீறாங்க. நீதான் படிச்சவன், இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லு சார்."

நீர்நிலை ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. பின்னால் இணைத்திருந்த வரைபடத்தில் என் குளம். கரையை எவ்வளவு அழகாக வளைத்திருந்தேன், பாவி. வாசித்துக் காட்டினேன்.

அக்கா அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "நீதான் அன்னிக்கே மாத்திட்டியே சார். இது வேற எவனோ வரைஞ்சதுதானே?"

"ஆமாக்கா" என்றேன்.