லொட்ஜுக்கு வந்தவரைக் கடத்திய கதை

போன மாதம் ஒரு காலை, நான் வெள்ளவத்தையில் சுற்றுலாப் பயணியாக இருந்தேன்.

வீடு வாசலோடு வெள்ளவத்தையிலேயே காலம் தள்ளுகிறவன் எப்படி வெள்ளவத்தைக்கே சுற்றுலா வர முடியும் என்று கேட்கிறீர்களா? முடியும். பக்கத்து ஒழுங்கையில் குணம் அண்ணை மாதிரி ஒருவர் லொட்ஜ் நடத்தினால் எல்லாம் முடியும்.

குணம் அண்ணையின் லொட்ஜ் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் கடல். ரயில் போகும்போது கட்டில் லேசாக ஆடும் — அதையும் அவர் வசதிகளில் ஒன்றாகத்தான் சொல்வார். ஓகஸ்ட் வந்தால் லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ என்று எங்கள் ஆட்கள் பெரிய பெரிய சூட்கேஸ்களோடு வந்து இறங்குவார்கள். அறை கிடைக்காமல் ஆட்கள் அவரோடு சண்டை பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த சீசன்?

விமான டிக்கெட் விலை, அங்கே வேலை நிலைக்குமோ என்ற கவலை, இங்கே எப்போது என்ன நடக்குமோ என்ற பயம்... ஆட்கள் வரவில்லை. வெள்ளவத்தைக் கடைவீதி முழுக்க இதே கதைதான். முன்பெல்லாம் சேலைக் கடைக்குள் போனால் என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டொலர்க்காரரைத் தாண்டி என்மேல் எப்படிக் கண் விழும்? இப்போது மழைக்கு ஒதுங்கினால்கூடக் கதிரை போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, "என்ன குடிக்கிறீங்க சேர்?" என்கிறார்கள். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர் ஒருவர் பயணிகளுக்காகப் பிரெஞ்சு படித்து வைத்திருந்தார். படித்தது மறந்துபோகக் கூடாதே என்று இப்போது தினமும் எனக்குத்தான் "பொன்ஜூர்" சொல்கிறார். நானும் பொன்ஜூர் சொல்லிவிட்டு மரக்கறி வாங்கப் போகிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் குணம் அண்ணை ஒரு மாலை எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். முகத்தில் சவரம் இல்லை.

"கெமிஸ்ட்ரி மாஸ்டர் ஒருத்தர் கட்டடத்தை அப்பிடியே வாடகைக்குக் கேக்கிறார். மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லவேணுமாம்" என்றார்.

கொழும்பில் எந்தத் தொழில் படுத்தாலும் ரியூசன் படுக்காது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

"குடுக்கலாந்தானே அண்ணை? தலையிடி இல்லை."

"எனக்குத் தலையிடி இல்லை. நிஸ்தார் நானாக்கு? கெமிஸ்ட்ரி கிளாசுக்குச் சமையல்காரன் என்னத்துக்கு?"

நிஸ்தார் நானா மாளிகாவத்தையில் இருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து அடுப்பு மூட்டுகிறவர். லொட்ஜ் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் சமையல். அவருடைய இடியப்பத்துக்கும் சொதிக்கும் என்றே திரும்பத் திரும்ப வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வயதில் அவர் வேறெங்கே போய் வேலை கேட்பார்?

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. நோர்வேயில் இருந்து ஒரு புருஷன் பெண்சாதி இரண்டு கிழமைக்கு அறை புக் பண்ணியிருந்தார்கள். டிசம்பரில் அவர்கள் குடும்பத்தில் கொழும்பில் கல்யாணம். இடம் பிடித்தால் கல்யாணக் கூட்டம் முழுவதற்கும் லொட்ஜையே எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இது சரிவந்தா லொட்ஜ் தப்பும். மாஸ்டருக்கு இல்லையெண்டு சொல்லிப்போடுவன். ஆனா ஒரு பிரச்சினை... அவை வாற நேரம் லொட்ஜில வேற ஒருத்தரும் இல்லை."

அவர் சொன்னது நியாயம். ஈ ஓட்டுகிற சாப்பாட்டுக் கடைக்குள் நீங்கள் நுழைவீர்களா? நான் நுழைய மாட்டேன். ஆட்கள் இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள்.

ஆகவே திட்டம் இது: நானும் என் மனைவி சாந்தியும் லொட்ஜில் தங்கியிருப்பவர்கள் மாதிரிக் காலைச் சாப்பாட்டு மேசையில் இருக்கவேண்டும். கேட்டால் கண்டியில் இருந்து வந்ததாகச் சொல்லவேண்டும். இலவசச் சாப்பாடு.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் குணம் அண்ணை, குசினியில் இருந்து தேத்தண்ணியோடு வந்த சாந்தியைப் பார்த்து. "கனக்கக் கதைக்காதேங்கோ."

சாந்தி தலையாட்டினாள். சுன்னாகத்தில் பிறந்த ஒருத்தியிடம் கதைக்காதே என்று சொல்வது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை நான் பூப்போட்ட சேர்ட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போனேன். "கண்டியில இருந்து வாறவன் கறுப்புக் கண்ணாடியோடயே புட்டுத் தின்னுவான்?" என்று குணம் அண்ணை அதை மட்டும் கழற்ற வைத்தார். விமான நிலையத்தில் இருந்து நேரே வந்த நோர்வேக்காரர் இருவரும் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு அடுத்த மேசையில் இருந்தார்கள். ரமணன், நிரோஜா. சாதுவான ஆட்கள். கடலைப் பார்த்தார்கள். இடியப்பத்தைப் பார்த்தார்கள். முகம் மலர்ந்தது. வாசலில் நின்ற குணம் அண்ணையின் முகமும் மலர்ந்தது.

சாந்தி கொஞ்ச நேரம் பொறுத்தாள். உண்மையில் பொறுத்தாள், அதற்கு நான் சாட்சி.

"நீங்கள் எவடம்?"

"நோர்வே" என்றாள் நிரோஜா.

"அது தெரியுது. இஞ்ச எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்தில எவடம்?"

நான் மேசைக்குக் கீழே சாந்தியின் காலை மிதித்தேன். அவள் காலை எடுத்துக்கொண்டு கேள்வியைத் தொடர்ந்தாள்.

"சுன்னாகம்."

"சுன்னாகத்தில எந்தப் பக்கம்?"

"ஸ்டேஷனுக்குப் பின்னால."

"ஸ்டேஷனுக்குப் பின்னால ஆற்ற வீடு?"

"ஓவசியர் பொன்னுத்துரை எண்டு..."

சாந்தி எழும்பிவிட்டாள். "ஓவசியற்ற மகளோ நீர்? ஐயோ கடவுளே! உம்மட அம்மாவும் என்ர அம்மாவும் ஒண்டுவிட்ட சகோதரங்களடி!"

நிரோஜா திகைத்தாள். "நீங்கள் கண்டி எண்டெல்லோ லொட்ஜ் அண்ணை சொன்னவர்?"

"கண்டியாவது கிண்டியாவது! அடுத்த ஒழுங்கையில எங்கட ஃபிளாட்!"

பிறகு நடந்ததெல்லாம் கடகடவென்று நடந்தது. கட்டிப்பிடித்தல். கண்ணீர். தாயின் சாவீட்டுக்கு வர முடியாமல் போனதைச் சொல்லி நிரோஜா விம்மினாள்; சாந்தியும் சேர்ந்து அழுதாள். அந்த அழுகையில் நடிப்பு இல்லை. ரமணன் எனக்குச் சகலன் முறை என்பதால் நாங்களும் கை குலுக்கிக்கொண்டோம்.

கண்ணைத் துடைத்த கையோடு சாந்தி அந்தப் பயங்கரமான வசனத்தைச் சொன்னாள்.

"சொந்தம் இருக்கேக்க லொட்ஜிலயோ நிக்கிறது? எடுங்கோ பெட்டியை!"

"இல்லை அக்கா, புக் பண்ணிட்டம்..."

"புக் பண்ணினா? ஊரில கேள்விப்பட்டா என்ன சொல்லுவினம்? என்ன குணம் அண்ணை, நீங்களே சொல்லுங்கோ!"

இந்த இடத்தில்தான் குணம் அண்ணை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வார்த்தை, வாய் தானாகவே சொல்லிவிட்டது. "ஓம் ஓம், சொந்தக்காரர் இருக்கேக்க லொட்ஜில நிக்கிறது சரியில்லைத்தான்" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. அதற்குள் சாந்தி ஒரு சூட்கேஸை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டாள். மற்றதை, வேறு வழியில்லாமல், நான் தூக்கினேன். சமையலறை வாசலில் நிஸ்தார் நானா அடுத்த தட்டு இடியப்பத்தோடு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

எங்கள் தொழில் படுத்துவிட்டது என்று உலகச் சந்தையைத் திட்டுகிறோம். ஆட்கள் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் வந்த ஒன்றிரண்டு பேரையும் நாங்களே பெட்டியோடு இழுத்துக்கொண்டு போனால் உலகச் சந்தை என்ன செய்யும்?

அடுத்த நாட்களில் எங்கள் ஃபிளாட்டில் நடந்ததை நான் விவரிக்க வேண்டுமா? விருந்தினருக்கு எங்கள் அறை. எனக்கு ஹோலில் சோபா. கால் சோபாவுக்கு வெளியே. சாந்தி சந்தோஷத்தில் தரையில் கால் படாமல் நடந்தாள். காலையில் புட்டு, மத்தியானம் ஆட்டிறைச்சி, இரவுக்கு நண்டு. ரமணன் கொலஸ்ட்ரோல் மாத்திரையைத் தட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சாந்தி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இன்னொரு அகப்பை ஊற்றினாள்.

செய்தி பரவியது. கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. கிருலப்பனையில் இருந்து இன்னொன்று. முதலில் வந்தவர் நிரோஜாவைப் பார்த்து, "ஏன் பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனீர்?" என்று கவலைப்பட்டார். அடுத்து வந்தவர், "நல்லா ஊதிப்போனீர் என்ன!" என்று சந்தோஷப்பட்டார். ஒருவர் மகனுக்கு நோர்வேயில் வேலை கேட்டார். இன்னொருவர் மகளுக்கு நோர்வே மாப்பிள்ளை கேட்டார். குளிக்கப் போனால் தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்தால் கதவு தட்டப்பட்டது. கடல் பார்க்க வந்த இருவரும் எங்கள் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ரமணன் காலையில் மட்டும் "வோக்கிங்" என்று தனியாகக் கிளம்பிவிடுவார். நெடுநேரம் கழித்து வருவார். நல்ல தேகப்பயிற்சி என்று நினைத்தேன்.

ஒரு காலை, மனம் உறுத்தி, குணம் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்போமென்று லொட்ஜுக்குப் போனேன். கடல் பக்க மேசையில் ரமணன்! கையில் பிளேன்ரீ. எதிரே நிஸ்தார் நானா, ஒன்றும் பேசாமல், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் ரமணன் களவு பிடிபட்டவர் மாதிரி எழும்பினார்.

"அண்ணை, அக்காட்டச் சொல்லிப்போடாதேங்கோ. உங்கட வீட்டில ஒரு குறையும் இல்லை. ஆனா... ஒருத்தரும் ஒண்டும் கேக்காம ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும் போல இருந்துது."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. நானும் ஒரு பிளேன்ரீ சொன்னேன்.

"பிறகேன் திரும்பி வரேல்லை? அறை அப்பிடியே கிடக்கு" என்றார் குணம் அண்ணை.

"அக்காட்ட ஆர் சொல்லுறது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. கெமிஸ்ட்ரி மாஸ்டர் ஏற்கெனவே வந்து, கரும்பலகை எந்தச் சுவரில் வரும் என்று அளந்துவிட்டுப் போயிருந்தாராம். ஆனாலும் சாந்தியிடம் பேச ஆண்பிள்ளைகள் யாரும் தயாராக இல்லை.

பேசியவர் நிஸ்தார் நானா. பேசவேண்டும் என்று அவர் வரவுமில்லை. அன்று மாலை, கருப்பட்டி மணக்கும் ஒரு பாத்திரம் வட்டிலப்பத்தோடு எங்கள் வாசலில் நின்றார்.

"இது நோர்வே மிஸ்ஸுக்கும் சேருக்கும். அவங்க போறதுக்குள்ள ஒரு நாள் வட்டிலப்பம் தாறேண்டு வந்த அண்டே சொல்லியிருந்தேன். லொட்ஜு மூடுறதுக்குள்ள சொன்ன சொல்லைக் காப்பாத்தணுமே."

"லொட்ஜ் மூடுறதோ?" என்றாள் சாந்தி.

அவளுக்குத் தெரியாது. குணம் அண்ணை கெமிஸ்ட்ரி மாஸ்டர் கதையைச் சொன்னபோது அவள் குசினியில் இருந்தாள். நானும் சொல்லவில்லை. ஆள் கூட்டிக் காட்டுவதற்குத்தான் போகிறோம் என்று நினைத்திருந்தாள். ஒருவருடைய அடுப்பு அணைகிற விஷயம் என்று நினைக்கவில்லை.

"இந்த ரெண்டு பேர் நிண்டிருந்தா மூடத் தேவை வராதோ நானா?"

நிஸ்தார் நானா வட்டிலப்பத்தை அவள் கையில் கொடுத்தார். "பாத்திரத்தைப் பொறகு எடுத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

சாந்தி கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றாள். கண் கலங்கியிருந்தது. "என்னட்ட ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று என்னைக் கேட்டாள். பிறகு அறைக்குள் போனாள். உள்ளே இருந்து அவளுடைய குரல் கேட்டது.

"வெளிக்கிடுங்கோ ரெண்டு பேரும்! இப்பவே! பெட்டியை அடுக்குங்கோ!"

வரவேற்ற அதே வேகத்தில் அவர்களை வீட்டை விட்டுத் துரத்தினாள். ரமணன் சூட்கேஸைப் பூட்டிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மரியாதைக்கு ஒரு தடவை, "இல்லை அக்கா, நாங்கள் இஞ்சயே..." என்று தொடங்கினார். நிரோஜா அவரைக் கிள்ளியதை நான் கண்டேன்.

சாந்தியே முன்னால் சூட்கேஸை உருட்டிக்கொண்டு போய் லொட்ஜில் விட்டாள். "இவை இஞ்சதான் நிப்பினம். இனி நான் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டன்" என்று குணம் அண்ணைக்குச் சத்தியம் செய்தாள். கொட்டாஞ்சேனைக்கும் கிருலப்பனைக்கும் போன் போட்டு, பார்க்க வருகிறவர்கள் இனி லொட்ஜுக்கு வரவேண்டும், பின்னேரம் மட்டும் வரவேண்டும், வந்தால் சும்மா இருந்து எழும்பாமல் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கிச் சாப்பிடவேண்டும் என்று சட்டம் போட்டாள். அவளுடைய சட்டத்தை மீறும் தைரியம் எங்கள் உறவில் எவருக்கும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் லொட்ஜின் கீழ்மாடி நிரம்பியது. கதிரை போதாமல் எங்கள் வீட்டுக் கதிரைகளும் போயின. நிஸ்தார் நானா ரோல்ஸ் பொரித்து முடியாமல் மாளிகாவத்தையில் இருந்து மருமகனைத் துணைக்குக் கூப்பிட்டார். தெருவால் போகிறவர்கள், இங்கே என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்து உள்ளே வரத் தொடங்கினார்கள். நடிக்க ஒருவரும் தேவைப்படவில்லை.

போகும்போது ரமணன் டிசம்பருக்கு லொட்ஜ் முழுவதையும் எடுத்துவிட்டுப் போனார். கெமிஸ்ட்ரி மாஸ்டர் வேறு கட்டடத்தில் சுவர் அளக்கிறாராம்.

நெருக்கடி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஓட்டோக்காரர் இன்னும் எனக்குத்தான் பொன்ஜூர் சொல்கிறார். ஆனால் ஓர் ஊர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அன்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அன்பை யாருடைய கடையில் இருந்து காட்டுகிறோம் என்பதும் முக்கியம்.

நேற்று ஜேர்மனியில் இருந்து சாந்தியின் மச்சாள் போன் எடுத்தாள். குடும்பத்தோடு வருகிறாளாம், லொட்ஜில் அறை எடுக்கட்டோ என்று கேட்டிருக்கிறாள்.

"விசர்க் கதை கதையாதையும்! எங்கட வீடு என்னத்துக்கு இருக்கு? இஞ்சதான் நிக்கவேணும்!" என்று சாந்தி கத்தியது கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

செய்த சத்தியம் என்னாவது? போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, குணம் அண்ணையிட்டக் கடல் பக்க அறை ஒண்டு சொல்லி வையுங்கோ."

"அவைக்கோ?"

"அவை இஞ்ச நிப்பினம். அறை எங்களுக்கு."

ஆகவே வருகிற கிழமை நான் மறுபடியும் வெள்ளவத்தையில் சுற்றுலாப் பயணி — இந்தமுறை காசு கட்டி!