அம்மாவுக்கு எதிராக ஒரு காலிக்குடம்

அன்றைக்கு அந்தக் குடத்துத் தண்ணீரை நான் கொட்டாமல் இருந்திருந்தால், அடுத்த தேர்தலில் அம்மா ஜெயித்திருப்பாளா? எனக்கே ஒரு மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். இன்னும் விடை தெரியவில்லை.

கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் அம்மா திருக்கோகர்ணத்தில் மறியல் செய்துகொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தெருப் பெண்களைத் திரட்டி, டவுன் பஸ்ஸை மறித்து, குடங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்துவிடுவாள். என்னையும் கூட்டிப்போவாள். அதற்கு ஒரு சட்டம் உண்டு: குடம் சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும். "ஒரு குடத்துல அடித்தண்ணி கெடந்தாலும் ஆபீசரு அதத்தான் பாப்பாரு" என்பாள்.

அந்த மறியல்கள்தான் அவளைச் சுயேச்சையாக ஜெயிக்க வைத்தன. மறுநாளிலிருந்து தெருவில் அவள் 'அக்கா' இல்லை, 'கவுன்சிலரம்மா'. விடியும் முன்பே வாசலில் ஆள் நிற்கும்: சாக்கடை, தெருவிளக்கு, செத்த நாய். அப்பா பல் துலக்கிக்கொண்டே மனுக்களை வாங்கி ஜன்னலில் செருகுவார். அதே ஜன்னலில் கிடந்த என் ரேங்க் கார்டு ஒருமுறை நகராட்சிக்கே போய்த் திரும்பியது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. எட்டு நாள் தண்ணீர் இல்லை. அம்மா தினமும் நகராட்சி அலுவலகத்தில் கத்திவிட்டு வந்தாள். ஒன்பதாம் நாள் அவள் அங்கே போயிருந்த நேரம், பெண்கள் குடங்களோடு எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. குடங்கள் வரிசையில் நின்றால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அடுப்படியில் அம்மாவின் சிவப்புக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த குடிதண்ணீர் அது ஒன்றுதான். சட்டப்படி அதைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, குடத்தை வரிசையின் முன்னால் வைத்து உட்கார்ந்தேன்.

"ஏத்தா, ஒங்க வீட்டுலயும் தண்ணி இல்லையா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள்.

"இல்லத்தே" என்றேன். அப்போது அது உண்மைதான்.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதலில் குடத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இதுல தண்ணி இருந்துச்சேடி?"

"கொட்டிட்டேம்மா. நீதான சொன்னே."

கூட்டம் சிரித்தது. அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கவுன்சிலரம்மா, நீங்களும் ஒக்காந்துட்டா நாங்க யாருகிட்டத்தான் கேக்குறது?" என்றாள் அத்தை.

மறுநாள் மோட்டார் வந்தது. நான் உட்கார்ந்ததால்தான் வந்தது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தையின் கேள்வியை யாரும் மறக்கவில்லை. அடுத்த தேர்தலில் எதிர்த்து நின்றவர் மைக்கில் கேட்டதும் அதையேதான். அம்மா தோற்றாள். நான் எதைக் கொட்டினேன் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

இப்போது ஊர் மாநகராட்சி. முட்டிவலியோடு அம்மா மறுபடியும் நிற்கப்போகிறாளாம். அதற்கு முன்னால் வரும் திங்கட்கிழமை ஒரு மறியல். யூகேஜி படிக்கும் என் மகளை அனுப்பச் சொல்கிறாள். தயங்கினால், "ஒன்னயும்தான் கூட்டிட்டுப் போனேன், நீ என்ன கெட்டா போயிட்டே?" என்கிறாள். அம்மாவோடு பேசி ஜெயிக்க முடியாது. என் மகள் இப்போதே தன் சின்னக் குடத்தைக் கவிழ்த்து, சொட்டு இல்லாமல் துடைத்து வைத்திருக்கிறாள்.

அனுப்பினால் அவளிடம் என்ன சொல்லி அனுப்புவது? வேண்டாமென்றால் அம்மாவிடம் என்ன சொல்வது? திங்கட்கிழமைக்குள் யாராவது சொல்லுங்களேன்.