என் வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் கல்யாண குரூப் போட்டோவில் மாப்பிள்ளையைத் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். என் தம்பிக்குப் பின்னால் நிற்கிறார். தம்பி ஆறடி. அவன் தோளுக்கு மேலே ஒரு கொத்து முடி தெரியும், அதுதான் மாப்பிள்ளை. போட்டோ எடுத்தவர் "மாப்பிள்ளை எங்கப்பா, மாப்பிள்ளை எங்க?" என்று மூன்று தடவை கத்தினார். மூன்றாவது தடவை இவரும் சேர்ந்து அக்கம்பக்கம் திரும்பித் தேடினார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

இருக்கிற இடம் தெரியாத மனுஷன் என்று சொல்வார்களே, அது இவருக்காகவே அளவெடுத்துத் தைத்த வார்த்தை. பேருந்தில் நடத்துநர் இவரைத் தாண்டிப் போய்விடுவார், இவர்தான் பின்னாலேயே போய் டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கடை வரிசையில் இரண்டாவது ஆளாக வரும்வரை ஒழுங்காக வருவார். அதற்கப்புறம் பின்னால் நிற்பவருக்கு ஏதோ அவசரம் என்று இவருக்குத் தோன்றிவிடும். "நீங்க போங்க" என்பார். அப்புறம் அதற்கும் பின்னால் நிற்பவர். ரொட்டி வாங்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து, ஓரம் நசுங்கிய கடைசி ரொட்டியோடு வருவார். நான் கத்துவேன். அவர் அதையும் ஒரு வரிசை மாதிரி பொறுமையாக நின்று கேட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். வீடியோ கேம் செய்கிற ஒரு அலுவலகத்தில் சோதனையாளர். "கொடுத்து வச்சவர், நாள் முழுக்க விளையாட்டா!" என்று பக்கத்து வீட்டு அக்கா பெருமூச்சு விடுவார். என்ன விளையாட்டு? ஒரே சுவரில் இருநூறு தடவை முட்டுவது, நாற்பத்து மூன்றாவது தடவை சுவருக்குள்ளே போய்விட்டால் அதை எழுதி வைப்பது. இதற்குப் பெயர் விளையாட்டு.

கடைசியாக அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பழைய துறைமுகச் சந்தை. அதில் ஓர் ஒற்றன், அவனைத் தேடும் காவலர்கள். ஒற்றன் ஓடினால் மாட்டுவான். நாலு பேர் நிற்கிற கூட்டத்துக்குள் போய் அவர்கள் மாதிரியே நின்றுவிட்டால் காவலன் கண்ணுக்குத் தெரிய மாட்டான், அந்தக் கூட்டமே அவனுக்குப் போர்வை. இதில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பது இவர் பொறுப்பு. மீன் கடையில் நிற்கிற ஒன்பது பேருக்கும் ஒரே மூக்கு என்று கண்டுபிடித்தது இவர்தான். கூட்டத்தில் யாருமே யாருக்கும் வழிவிடுவதில்லை, அதனால் பார்க்கப் பொய்யாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததும் இவர்தான். எழுதினார் சரி, கீழே தன் பெயரைப் போட்டாரா? அதுதான் கிடையாது.

அந்த அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். சோதனைப் பிரிவில் ஆறு பேர் எதற்கு, ஐந்து போதும் என்று முடிவு செய்தார். எந்த ஐந்து? பிரிவு பிரிவாகப் போய், "உங்களுக்கு யார் யார் வேணும்?" என்று கேட்டிருக்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து யோசித்து ஐந்து பெயர் சொல்லிவிட்டார்கள். ஆறாவது ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவர் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இதை இவர் என்னிடம் எப்போது சொன்னார் தெரியுமா? துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார். என் சட்டையின் கையை அப்படியும் இப்படியும் நீவி மடித்துக்கொண்டே!

"அவர் ரூமுக்குப் போய் நேரா நின்னு, நான்தான் அந்த ஆறாவது ஆள், இதெல்லாம் நான் செஞ்ச வேலைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொல்லிடறேன்" என்றார்.

"அழுத பிள்ளைதாங்க பால் குடிக்கும்!"

"சரிம்மா, சொல்லிடறேன்."

போனார். மேலாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டே, குடித்து முடித்த தேநீர்க் கோப்பையை இவர் கையில் கொடுத்திருக்கிறார். இவர் வாங்கிக்கொண்டார். வாங்கினதோடு விட்டாரா? கழுவித் துடைத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்திருக்கிறார். இதைக் கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை அலுவலகத்தில் குடும்ப நாள். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, கேக் வெட்டி, செய்துகொண்டிருக்கிற கேமைக் காட்டுவார்கள். நானே அந்த மேலாளரிடம் பேசிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஒரு சின்னப் போட்டி. நம்ம ஆறு சோதனையாளர்களும் அடுத்த ரூம்ல உட்கார்ந்து, சந்தைக் கூட்டத்துக்குள்ள ஆளுக்கு ஒரு வேஷத்துல ஒளிஞ்சிருப்பாங்க. இங்க ஒருத்தர் காவலனா இருந்து தேடணும். இருபது நிமிஷம் மாட்டாம இருக்கறவர்தான் அடுத்த கேமோட கூட்டக் காட்சிகளுக்கு முதல் சோதனையாளர். நான் வாக்கு குடுத்தா மாற மாட்டேன்."

முதல் சோதனையாளரை யாராவது வேலையை விட்டு அனுப்புவார்களா? வேலை, பெயர் எல்லாம் இந்த இருபது நிமிஷத்தில் இருக்கிறது. ஒளிவதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச உலகத்தில் ஆளே கிடையாது. ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டேன்.

"காவலனா இருக்க ஆபீஸ் ஆள் வேண்டாம், பாரபட்சம் வந்துடும்" என்றார் மேலாளர். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "மேடம், நீங்க வாங்க. நீங்க கணக்குப் பிரிவு உயரமானவரோட வீட்டம்மாதானே?"

அறை முழுக்கப் பார்த்தேன். "இல்லை" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக இவர் அங்கே வேலை பார்க்கிறார், ஒன்பது குடும்ப நாளுக்கும் நான் வந்திருக்கிறேன். நான் யார் மனைவி என்று அங்கே ஒரு ஜீவனுக்கும் தெரியவில்லை! கோபத்தில் இன்னொரு துண்டு கேக்கை வாயில் திணித்துக்கொண்டேன். வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு மறுக்கவும் முடியவில்லை. விசைப்பலகை மாதிரி ஒன்றைக் கையில் திணித்துவிட்டார்கள். பெரிய திரையில் சந்தை விரிந்தது.

தேடுவது எனக்குப் புதிதா என்ன? முதல் ஆள் கூரை மேல் ஏறி நின்றார், பிடித்தேன். ஒருவர் கூட்டத்தோடு நடந்துகொண்டே திடீரென்று ஒரு குதி குதித்தார், பிடித்தேன். ஒருவர் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருவர் மீன் கடையில் நின்று என்னையே முறைத்துப் பார்த்தார். இன்னொருவர் என்னைக் கண்டதும் அவசரமாக முதுகைக் காட்டினார். சும்மா இருக்கத் தெரியாதவர்கள், பாவம். பதினோரு நிமிஷத்தில் ஐந்து பேர். கைதட்டினார்கள்.

கண் இருந்து என்ன, கை ஒத்துழைக்க வேண்டாமா? காவலன் நேராக நடப்பான், திருப்பம் வந்தால் சுவரில் முட்டுவான். ஒவ்வொரு தடவை முட்டும்போதும் பின்னால் சிரிப்பு. "எங்கடா திரும்புற, கழுதை!" என்று காவலனைத் திட்டினேன். அதற்கும் சிரிப்பு.

அப்போதுதான் ரொட்டிக் கடை வரிசை கண்ணில் பட்டது. சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் இரண்டாவது ஆளாக நின்றார். பின்னால் நின்ற பொம்மைக்கு வழிவிட்டு ஒதுங்கினார். மறுபடி இரண்டாவது ஆனார். மறுபடி ஒதுங்கினார். அடக் கடவுளே! உயிரில்லாத பொம்மைக்குமா அவசரம்?

காவலன் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். ஆளைப் பிடிக்கிற பொத்தான் மேல் என் விரல். எனக்குப் பின்னால் அறுபது பேர் அதே திரையைப் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக "இவரைப் பாருங்க, இவரைப் பாருங்க" என்று ஊரிடம் மல்லுக்கு நிற்பவள் நான். இன்றைக்கு நானே பார்க்காத மாதிரி போக வேண்டும். காவலனைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓட்டமெடுத்தேன்.

எடுத்த ஓட்டத்தில் பீப்பாய்களுக்கு நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டேன். முன்னால் போனால் பீப்பாய், பின்னால் வந்தால் சுவர். காவலன் அதே இடத்தில் பம்பரமாகச் சுற்றினான். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ ஒரு பொடியன் "ஆன்ட்டி, வீட்டுக்குப் போயிடுங்க" என்றான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "இதை வெளிய எடுத்துத் தொலைங்களேன்!" என்று கத்தியே விட்டேன்.

சாம்பல் சட்டை வரிசையை விட்டு வெளியே வந்தது.

சந்தையின் நடுவே, நல்ல வெளிச்சத்தில், தனியாக நடந்து நேராக என்னிடம் வந்தது. "வராதீங்க, வராதீங்க" என்று என் உதடு முணுமுணுத்தது. வந்து பீப்பாய் ஓரமாக நின்று, இரண்டு அடி முன்னால் நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தது. நான் அதன் பின்னாலேயே வந்தேன், காவலன் வெளியே வந்துவிட்டான். அப்புறம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். மீதி ஏழு நிமிஷமும் நடந்தோம். மீன் கடை, கயிற்றுக் கடை, படகுத்துறை. அவர் எந்தப் பக்கம் திரும்பினாரோ அந்தப் பக்கம் நானும் திரும்பினேன், ஒரு சுவரிலும் முட்டவில்லை.

"அடடே, காவலனுக்குத் துணைக்கு ஆள்கூட வச்சிருக்கீங்களே, பிரமாதம்!" என்றார் மேலாளர்.

மணி அடித்தது. "ஆறாவது ஆள் எங்க?" என்றார்.

கூட்டத்தை வடிவமைக்கிற பெண் திரையைப் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "சார், காவலனுக்குத் துணை ஆள்னு நாங்க எதுவுமே செய்யலையே" என்றாள்.

அடுத்த அறைக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போக இடமில்லை, பாவம், ஒளிய ஒரு தூண்கூட இல்லை.

"நீங்க...?" என்றார் மேலாளர்.

"என் வீட்டுக்காரர்" என்றேன் நான், கட்டிடமே கேட்கிற மாதிரி.

"அப்போ கணக்குப் பிரிவு..."

"அது நீங்களா சொன்னது. என்னை யார் கேட்டாங்க?"

மேலாளர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கூட்டுச் சதியா?" என்றார். "காவலன் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?" என்று கேட்டாள் நகம் கடித்த பெண். விதி இல்லை. யாருக்கும் அப்படி ஒன்று தோன்றவே இல்லையாம். மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார், குடுத்த வாக்கு குடுத்ததுதான் என்றார். திங்கட்கிழமையிலிருந்து இவருக்கு மேலாளர் அறைக்கு நேர் எதிரே, கண்ணாடியை ஒட்டி மேசை. செய்தியைக் கேட்டு இவர் முகம் வெளுத்தது.

பேருந்து நிறுத்தத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காவலன் பக்கத்துலயே நின்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு எப்படிங்க யோசிச்சீங்க? நீங்க சரியான ஆளு!"

"அப்படியெல்லாம் யோசிக்கல" என்றார்.

"பின்ன?"

"உன் குரல் சுவர் வழியா கேட்டுச்சு. எல்லாரும் சிரிக்கறதும் கேட்டுச்சு."

"அதுக்காக வெளிய வந்துடறதா? நான் பொத்தானை அமுக்கியிருந்தா? வேலை போயிருக்கும் தெரியுமா!"

"போனா போகட்டும்னுதான் வந்தேன்."

"உங்களை நான் முன்னாடியே பார்த்துட்டேங்க, ரொட்டிக் கடையில."

"தெரியும்" என்றார். "என்னை விட்டுட்டு ஓடினதுலதானே நீ போய் மாட்டிக்கிட்டே. அதுக்கப்புறமும் நான் எப்படி அங்கேயே நிப்பேன்?"

பாவி மனுஷன். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் என்னை அழ வைத்துவிட்டார்.