பெண் பார்க்க வராதவர்கள்

எங்கள் வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்கியதற்கு நான் காரணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையம்பட்டியில் கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர், நான் புளி நிறுக்கும்போது பார்த்து, இன்றைக்கும் அதைக் கேட்காமல் போவதில்லை.

எனக்குப் பலசரக்குக் கடை. படிப்பு பத்தாவதோடு நின்றது. பெரிய பக்திமான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் மார்கழி என்றால் எனக்கு மார்கழிதான். விடியும் முன் தலைக்கு ஊற்றிக்கொண்டு தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விடுவேன். கறி, மீன், முட்டை ஒன்றும் வாசல் தாண்டாது. கல்யாணப் பேச்சு, வீடு பார்ப்பது, நகை எடுப்பது எதுவும் கிடையாது. மற்ற மாதமெல்லாம் நமக்காக ஓடுகிறோம், இந்த ஒரு மாதம் சாமிக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே.

என் மகள் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வந்த வரன் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. என் போனில் போட்டோவைக் காட்டுவேன். பார்ப்பாள். "வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுப்பாள். எம்.ரெட்டியபட்டிப் பையன் போட்டோ வந்த அன்றைக்கு மட்டும் "பார்க்கலாம்ப்பா" என்றாள். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நல்ல குடும்பம், ஜாதகமும் பொருந்தியது. பையனுக்கு ஜெர்மனியில் வேலை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. பையனுடைய அப்பா போன் பண்ணினார்.

"தம்பிக்குக் கிறிஸ்மஸ் லீவு அண்ணாச்சி. அந்த ஊர்ல அப்பத்தான் ஆபீஸை இழுத்து மூடுறாக. அன்னைக்கே வந்து பிள்ளையப் பார்த்துட்டுப் போயிருவோம்."

"மார்கழியாச்சே" என்றேன்.

"எங்களுக்குத் தெரியாமலா? நாங்களும் சாமி கும்பிடுற ஆளுகதான். லீவு அப்பத்தான் குடுக்கான்."

"அடுத்த லீவு எப்ப?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அடுத்த கிறிஸ்மஸுக்கு."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எத்தனை வருடம் காத்திருந்தாலும் கிறிஸ்மஸ் மார்கழியில்தான் வரும். அது தைக்கு நகரப் போவதில்லை. "இந்த ஏசு சாமி ஒரு மாசம் தள்ளிப் பொறந்திருக்கக் கூடாதா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"வாயைக் கழுவுங்க, அதுவும் சாமிதான்" என்றாள் என் மனைவி. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் எரிச்சல் போகவில்லை. மார்கழியில் தொடங்கிய பேச்சு நிலைக்காது என்று எனக்கு உள்ளுக்குள் பயம். பேசாமல் விட்டால் அந்தப் பையனை வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று இன்னொரு பயம். மகள் ஒன்றுமே சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் என்னை ரொம்பப் படுத்தியது.

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தான் என் மனைவியின் தம்பி. பாலவனத்தத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். எந்தச் சிக்கலுக்கும் அவனிடம் ஒரு வழி இருக்கும். அந்த வழியால் இன்னொரு சிக்கல் வரும்.

"இதுல என்ன அத்தான் இருக்கு? பொண்ணு பார்க்க வந்தாத்தானே குத்தம்? கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுக்கு வந்தவுக, வந்த இடத்துல பிள்ளையையும் பார்த்துட்டுப் போனா யாரு கேப்பா?"

"நமக்கும் கிறிஸ்மஸுக்கும் என்னடா சம்பந்தம்?"

"லீவு எல்லாத்துக்கும்தானே அத்தான்?"

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் சாப்பிட வந்தால், அக்காவும் தம்பியும் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். பையனின் அப்பாவுக்கும் போன் போயிருந்தது. அவரும் சரி என்றுவிட்டாராம். இது பெண் பார்ப்பது இல்லை என்பதால், பெண் பார்க்கும்போது செய்கிற எதையும் செய்யக் கூடாது. பூ கூடாது. வெற்றிலை பாக்கு கூடாது. மகள் காபித் தட்டோடு வரக் கூடாது. கேசரி கிண்டினால் அது பெண் பார்ப்பதாகிவிடும், அதனால் கேக்.

"கேக்குல முட்டை இருக்கும்" என்றேன்.

"முட்டை இல்லாத கேக்கு சொல்லியாச்சு."

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்ப நான் எங்க மாமா இருக்கணும்?" என்றாள்.

"நீ பாட்டுக்குக் கொல்லையில துணி காயப் போடும்மா. முன் ரூம்ல உக்காந்தா நேரா தெரியும்ல. தற்செயலாப் பார்த்தது மாதிரி ஆயிரும்."

"எத்தனை துணி காயப் போடணும்?"

"அவுக பார்த்து முடிக்கிற வரைக்கும் போடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கடைச் சாவியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் மச்சினன் பெரிய சிவப்பு ஸ்டார் ஒன்றோடு பஸ்ஸைவிட்டு இறங்கினான். கிறிஸ்மஸுக்கு வருகிறார்கள் என்றால் வீட்டில் கிறிஸ்மஸ் இருக்க வேண்டுமாம். நான் கடையை விட்டு வருவதற்குள் ஏணி போட்டுக் கட்டி, உள்ளே பல்பும் போட்டுவிட்டான். கீழே என் மனைவி போட்ட மார்கழிக் கோலம், சாணிப் பிள்ளையார், அவர் தலையில் பூசணிப் பூ. மேலே ஸ்டார் மினுக் மினுக்கென்று எரிகிறது.

மறுநாள் விடியலில் எங்கள் தெரு பஜனைக்காரர்கள் ஜால்ராவோடு வந்தார்கள். நானும் அவர்களோடு போகிற ஆள்தான். எங்கள் வாசலில் பாட்டு ஒரு அடி நின்றுவிட்டுத் தொடர்ந்தது. பாட்டு முடிந்ததும் டீக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி ரெண்டு பஸ்ஸுலயும் துண்டு போட்டு வைக்காரு. எது முன்னாடி கெளம்புதோ அதுல ஏறிக்கிடலாம்ல."

சிரித்தார்கள். என்ன பதில் சொல்வது? பெண் பார்க்க வருகிறார்கள் என்று மார்கழியில் சொல்ல முடியாது. "பிள்ளை ஆசைப்பட்டுச்சு" என்று முணுமுணுத்தேன்.

எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு என்றால் ஒன்றே ஒன்று, எதிர்வீட்டு டெய்லரம்மா. டிசம்பர் வந்தால் அந்த அம்மாவின் தையல் மிஷின் நிற்காது. கழுத்தில் டேப்போடு வெளியே வந்து எங்கள் ஸ்டாரைப் பார்த்தது.

"எங்க ஸ்டாரு இன்னும் பரண்ல கெடக்கு அண்ணாச்சி. ஊர்த் துணியத் தைச்சுக் குடுத்தாத்தான் எனக்குக் கிறிஸ்மஸு. நீங்க முந்திட்டீக."

அந்த அம்மா அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்குக் கிறிஸ்மஸ் என்றால் நோன்பு, ஜெபம், கோயில். எங்களுக்கு ஒரு மறைப்புத் தட்டி.

கிறிஸ்மஸ் அன்று காலையில் பிள்ளையார் முன்னால் நின்றேன். என்னவென்று வேண்டுவது? 'வரன் நல்லபடியாக அமைய வேண்டும்' என்றால் மார்கழியில் கல்யாணப் பேச்சை எடுத்ததாகிவிடும். 'கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்' என்று சொல்லிவைத்தேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் எதையும் இப்படி மாற்றிச் சொன்னதில்லை. வெண்பொங்கல் தொன்னையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிட்டேன்.

கார் வந்தது. பையன், அப்பா, அம்மா மூவரும் இறங்கினார்கள். பையன் போட்டோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் கூச்சம். பையனின் அம்மா ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை நிமிர்ந்து ஸ்டாரைப் பார்த்தார். மறு காலில் கழற்றவில்லை. அப்படியே என் மனைவியின் காதருகே குனிந்து கேட்டது எனக்கும் கேட்டது.

"மதினி, நீங்க எப்ப வேதத்துக்குப் போனீக?"

எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களாக மாறுவதை அப்படித்தான் சொல்வார்கள். நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு நான் நின்றேன். அதைப் பார்த்தும் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை.

"அதெல்லாம் இல்ல அத்தை, சும்மா ஒரு செட்டப்பு" என்று மச்சினன் நுழைந்தான். செட்டப்பு என்றதும் அந்த அம்மாவின் முகம் இன்னும் சுருங்கியது.

எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கேக்கை வைத்தோம். மேலே ஹேப்பி கிறிஸ்மஸ் என்று எழுதியிருந்தது. யாரும் தொடவில்லை. மழை, பருத்தி விலை, ஜெர்மனிக் குளிர் என்று பேச்சு போனது. எதற்காக வந்தார்களோ அதை மட்டும் யாரும் பேசவில்லை. கொல்லையில் மகள் ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுத்தாள். மறுபடி உதறிப் போட்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, பையன் இருந்த இடத்திலிருந்தே கேட்டான். "அந்தத் துண்டு இன்னும் காயலையா?"

கொல்லையிலிருந்து மகளின் குரல் வந்தது. "காஞ்சிருச்சு. நீங்க போற வரைக்கும் இதைத்தான் காயப் போடணும்னு மாமா சொல்லியிருக்காக."

பையன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அய்யா, நான் சொல்லிடுறேன்" என்றேன். "நாங்க வேதமும் இல்ல, எங்களுக்குக் கிறிஸ்மஸும் இல்ல. மார்கழின்னு பயந்துக்கிட்டு இந்தக் கூத்தெல்லாம் பண்ணியிருக்கோம். எங்க பிள்ளையார்கிட்டயே நான் மாத்திச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

பையனின் அப்பா என்னையே பார்த்தார். பிறகு வெளியே போய்க் காரிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அதே பேக்கரிப் பெட்டி. திறந்தால் அதே ஹேப்பி கிறிஸ்மஸ்.

"கிறிஸ்மஸுக்குப் போறவன் வெறுங்கையோட போகலாமான்னு வாங்கினேன் அண்ணாச்சி. கெளம்பும்போது குலசாமி படத்துக்கு முன்னாடி நானும் கிறிஸ்மஸுக்குப் போறேன்னுதான் சொன்னேன். காலையில இருந்து கன்னத்துல போட்டுக்கிட்டே வாரேன்."

"அப்ப நல்லாத்தான் இருக்கீக எல்லாரும்" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் கேக்கை எடுத்தார். "முட்டை இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

எல்லாம் உடைத்துப் பேசியாகிவிட்டது, இனி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. மார்கழி மார்கழிதானே. "தை பொறக்கட்டும்" என்றார் அவர். "பொறக்கட்டும்" என்றேன் நானும். கார் போய்விட்டது. பிடித்ததா பிடிக்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. இதற்கு இத்தனை பாடு.

அன்று சாயங்காலம் டெய்லரம்மா வழக்கம்போல ஒரு தட்டில் அச்சு முறுக்கும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பியிருந்தது. கறி சமைத்த சட்டி படாமல் எங்களுக்கென்று தனியாகச் சுட்டது. தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று இரண்டாவது கேக்கை வைத்து நானே கொண்டுபோனேன். அந்த அம்மா புதுச் சேலையில் இருந்தது. அன்றைக்குத்தான் மிஷின் மூடியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, நடந்ததை எல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"இந்த மாசம் உங்க சாமிகிட்டக் கேக்க முடியாது. அவ்வளவுதானே அண்ணாச்சி? எங்க சாமிக்கு மார்கழி கெடையாது. பிள்ளைக்காக நான் ஜெபத்துல கேட்டுக்கிடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. "உங்க இஷ்டம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் மார்கழி மாதிரி நீளமான மாதம் கிடையாது. ஸ்டாரைக் கழற்றச் சொன்னால் மச்சினனுக்கு நேரமில்லை, ஏணியில் ஏற எனக்கு முழங்கால் விடவில்லை. மகளோ "இருக்கட்டும்ப்பா" என்றாள். தினமும் விடியலில் டீக்கடைக்காரர் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். என் மனைவி தினமும் போனை எடுத்துப் பார்த்தாள். மகள் பார்க்காததுபோல இருந்தாள், ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் குற்றம். பேசாமல் சுற்றிவிட்டு மட்டும் வந்தேன்.

தை முதல் நாள், பொங்கல் பானை இன்னும் பொங்கவில்லை. போன் அடித்தது.

"சம்பந்தி" என்றது அந்தப் பக்கம்.

அந்த ஒரு வார்த்தை போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துத் தலையாட்டினேன். மகள் கையில் அகப்பையோடு பானைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள்.

"தம்பிக்கும் அவுக அம்மாவுக்கும் ரொம்பத் திருப்தி. கல்யாணத் தேதிதான் ஒரு யோசனை" என்றார். "தம்பிக்கு லீவு சேர்ந்தாப்ல கெடைக்கிறது கிறிஸ்மஸுக்குத்தான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மகள் பானையைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்.

"ஆவணியில நாலு நாள் லீவு கேட்டிருக்காகளாம். கிடைச்சிரும்னு சொல்லுங்கப்பா."

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பானை பொங்கியது. வாசலில் ஸ்டார் அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.